முந்தின வசனம்

சின்ன வயதில் எங்களிடம் வசனங்கள் ஏராளமாக இருந்தன. கஷ்டம்தான் கைவசம் இல்லை. அதைப் பெரியவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

தேரிக்காட்டுச் செம்மணலுக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடி கோபுரம் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். எழுபதுகளின் நடுப்பகுதி. ஓய்வுநாள் பள்ளியில் வாரத்துக்கு ஒரு மனப்பாட வசனம். பிழையில்லாமல் ஒப்பித்தால் ஒரு கலர் படம். வருடக் கடைசியில் படம் அதிகம் சேர்த்தவனுக்கு எவர்சில்வர் டம்ளர், அடுத்தவனுக்கு சோப்பு டப்பா. எங்கள் வீட்டில் சோப்பு டப்பாக்கள் நிறைய இருந்தன. சோப்பு அவ்வளவாக இல்லை.

படிக்காமல் வருகிற பையன்களுக்கு ஒரே அடைக்கலம் யோவான் 11:35. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுததைச் சொல்லும் வசனம். மூன்றே சொல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக ஏழெட்டுப் பேர் அதையே ஒப்பிக்க, டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே கண்ணீர் வசனம் சொல்றவன் வெளிய போய் நிக்கணும்" என்று சட்டம் போட்டுவிட்டார். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அதற்கு நேர் எதிர்க்கோடி. 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களையும் மூச்சு வாங்காமல் சொல்வார். முழுக்க முழுக்க நியாயப்பிரமாணத்தைப் பற்றிய சங்கீதம் அது. பிற்பாடு அவர் வக்கீலாகப் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

தாத்தா பனையேறி. பருவம் தொடங்கிவிட்டால் காலையிலும் சாயங்காலமும் ஏறி இறங்க வேண்டும். ஆச்சி விடிலிக் குடிசையில் பகலெல்லாம் அடுப்பு முன்னால் நின்று பயினி என்கிற பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பாள். இத்தனைக்கும் பிறகு ராத்திரி அரிக்கேன் விளக்கைச் சுற்றிக் குடும்ப ஜெபம். வாசிக்கத் தெரிந்த பேரன் என்ற முறையில் வேதப்புத்தகம் என் மடியில். ஆச்சிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. உபதேசியார் வாசித்து வாசித்துக் காது வழியாக ஏறிய வேதம் அவளுடையது. நான் பாதி அதிகாரம் வருவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். 'அப்பாடா' என்று முடிக்கப் போகும்போது சரியாகக் கண்ணைத் திறப்பாள்.

"ஏல, அதுக்கு முந்தின வசனத்தப் படி."

அதைப் படித்தால் அதற்கும் முந்தினது. ஆச்சியின் பக்தி என்று வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். பக்தி இல்லை, தூக்கம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். "எங்க விட்டேன்னு தெரியாம எப்படில கேக்கது?" இந்தக் கணக்கில் யோபின் புஸ்தகம் ஒரு பருவம் முழுக்க ஓடியது. அவனுடைய மூன்று சிநேகிதர்களும் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. ஆச்சியின் வியாக்கியானம் இது: "ஏழு நாளு பேசாம இருந்தானுவல்லா, அதோட எந்திச்சு அவனவன் வீட்டுக்குப் போயிருக்கணும்."

ஒரு வருடம் தாத்தா மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு. அப்புறம் ஏறவில்லை. கருப்பட்டி வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் ஏற்கெனவே செலவாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போடுவது வழக்கம். அந்த வருடம் கஞ்சிக்கே அரிசியை அளந்து போட வேண்டியிருந்தது. ஆச்சி கைப்பிடி அரிசியை நிறுத்தவில்லை. மூன்று வயதான என் தங்கச்சியைக் கூப்பிட்டு அவள் கையால் ஒரு பிடி எடுத்துப் போட வைத்தாள். "கைப்பிடின்னுதான சொல்லிருக்கு, யாரு கைன்னு சொல்லலியே." வேதத்தை இவ்வளவு கூர்மையாக வாசித்தவர்களை நான் பிறகு இறையியல் கல்லூரி முடித்தவர்களிலும் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது சென்னைப் புறநகர் முடிச்சூரில் சொந்த வீடு. சொந்தம் என்றால் வங்கிக்கு. விடிந்து பால் வருவதற்கு முன்னால் போனில் வசனம் வந்துவிடுகிறது. சபைக் குழுவிலிருந்து ஒன்று, தெருக் குழுவிலிருந்து ஒன்று, ஓய்வு பெற்ற ஒரு மாமாவிடமிருந்து மூன்று. பின்னணியில் உதிக்கிற சூரியன், அருவி, மான். எனக்கு வருகிற படங்களில் சூரியன் இதுவரை அஸ்தமித்ததில்லை.

அதிகம் வருவது எரேமியா 29:11. தேவன் நமக்கு நல்ல எதிர்காலம் வைத்திருக்கிறார் என்ற வாக்கு. என் காதில் ஆச்சி விழித்துக்கொள்வாள். முந்தின வசனம் என்ன? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பின்பு என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்கிற தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்கிறார். கடிதத்தைக் கேட்டவர்களில் வயதானவர்கள் ஊர் திரும்பியிருக்க முடியாது. இதை யோசித்தபோது என் இருபது வருட வீட்டுக் கடன் கிருபையாகத் தோன்றியது.

பிலிப்பியர் 4:13 எப்போதும் மலை உச்சியில் கை விரித்து நிற்கும் ஒருவனோடு வரும். எதையும் செய்யப் பெலன் உண்டு என்பது அதன் சாரம். பவுல் அதை எழுதியது சிறையிலிருந்து. முந்தின வசனத்தில் பட்டினி கிடக்கவும் பழகிக்கொண்டேன் என்கிறார். உச்சிக்கு ஏறியவர் என்று எனக்குத் தெரிந்தவர் தாத்தாதான். அவர் கை விரித்து நின்றதில்லை, மரத்தை இறுகப் பிடித்திருந்தார்.

போனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வசனங்களுக்கு எண் போடுவதே புதிய பழக்கம். இன்று நாம் பயன்படுத்தும் புதிய ஏற்பாட்டு எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் 1551இல் போட்டார். அதற்கு முன்னால் யாரும் 'நான்கு பதின்மூன்று' என்று கடிதத்தின் நடுவிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கிச் சுவரில் மாட்ட வழியில்லை. தினம் ஒரு வசனமும் வாட்ஸ்அப்பின் கண்டுபிடிப்பு அல்ல. 1728இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவியச் சபையார் அன்றைய வாக்கியத்தை வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். 1731இலிருந்து அது புத்தகமாகவே வருகிறது. ஒரு வித்தியாசம், அங்கே சொல்ல வந்தவர் வாசலில் நின்று வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்துவிட்டுப் போக முடிந்தது. எங்கள் ஊர் வீட்டிலும் வாக்குத்தத்தப் பெட்டி இருந்தது. சுருட்டிய தாள்களில் ஒன்றை எடுத்தால் ஒரு ஆசீர்வாதம். தான் பிறந்த நாளையே சபிக்கும் யோபு 3ஆம் அதிகாரத்தை அதில் சுருட்டி வைத்தவர்கள் கிடையாது.

2015 புது வருட ஆராதனையில் என் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டை ஏசாயா 44:3. வறண்ட நிலத்தில் தண்ணீர் ஊற்றுவதாக வாக்கு. டிசம்பரில் அது தேவைக்குச் சற்று அதிகமாகவே நிறைவேறியது. ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்குள் தண்ணீர். அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். பிறப்பும் இறப்பும் எழுதி வைத்த குடும்ப வேதாகமம் கீழே அலமாரியில் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மொட்டை மாடியில் பிரித்து வைத்துக் காயப்போட்டோம். கரண்ட் இல்லை, போன் இல்லை, செய்வதற்கும் ஒன்றும் இல்லை. ஒட்டாமல் பிரிந்த பக்கங்களை மட்டும் வாசித்தேன். 69ஆம் சங்கீதம் பிரிந்தது. சிறுவனாக ஒப்பித்துப் படம் வாங்கிய சங்கீதம்தான். தொடக்கத்திலேயே தண்ணீர் கழுத்து மட்டும் வந்துவிட்டது என்று சங்கீதக்காரன் அலறுகிறான். எங்களுக்கு இடுப்பு வரைதான் வந்தது. நாற்பது வருடம் கழித்து அந்த ஆள் என்ன சொல்கிறான் என்று முதல் தடவையாகக் காதில் விழுந்தது. போனுக்குச் சார்ஜ் ஏறியதும், தண்ணீரைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன் என்ற பொருளுள்ள ஏசாயா 43:2 நண்பர்களிடமிருந்து மொத்தமாக வந்து இறங்கியது. படத்தில் அருவி.

2019இல் நேர்மாறு. பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் போர் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. அதற்குள் அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டாள். படுத்தவர் இருக்கிற வீட்டில் தண்ணீர் எதற்கெல்லாம் வேண்டும் என்பது பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் தெரியும். போர்வையை எத்தனை முறை அலசுவது, மிஞ்சிய தண்ணீரை எதற்கு எடுத்து வைப்பது என்பதிலேயே பகல் போய்விடும். வனாந்தரத்தில் தண்ணீருக்காக மோசேயிடம் சண்டை பிடித்த இஸ்ரவேலரை ஓய்வுநாள் பள்ளியில் நாங்கள் அவிசுவாசிகள் என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லியிருந்தோம். லாரிக்காகக் குடங்களோடு நின்ற காலையில் அவர்கள் ரொம்பவும் பொறுமைசாலிகள் என்று பட்டது. கல்லெறிய வரும் அளவுக்குத்தான் போனார்கள். எங்கள் தெருவில் குடமே எறிந்தார்கள்.

விசுவாசத்தில் வளர்வது எப்படி என்று கருத்தரங்குகள் நடக்கின்றன. நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் வளர்ந்தது என்ன என்று கேட்டால் காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. என் ஜெபம் குட்டையாகிவிட்டது, அதுதான் தெரிகிற மாற்றம். பையனாக இருந்தபோது இந்தியாவின் பிரதமர் முதல் ஆப்பிரிக்கா வரை எல்லோருக்காகவும் அழகு தமிழில் ஜெபிப்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது வாயில் வந்தது, "ஆண்டவரே, முதுகு." எங்கள் இரண்டு பேர் முதுகுக்கும் சேர்த்து. அது கேட்கப்படுகிறது என்பதில் அந்த நேரத்தில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. மைக் முன்னால் நின்று ஜெபித்த நாட்களில்தான் அடிக்கடி வந்தது.

அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் கைப்பிரதிகளோடு வந்தார்கள். 'சோதனை பொன்னாக்கும்' என்கிற ரகம். அப்போது டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துக்கொள்வேன். 1931இல் கீழே விழுந்தவர், 1951இல் இறக்கும் வரை பெரும்பாலும் தன் அறையைவிட்டு வெளியே வர முடியவில்லை. நோயாளிகளுக்கென்று அவருக்கு வந்த ஆறுதல் பிரசுரங்கள் அவரைத் தொடவில்லை. அவையெல்லாம் சுகமாக இருப்பவர்கள் சுகமில்லாதவர்களுக்கு எழுதியவை என்று பட்டது. ஆகவே நோயாளிக்கு நோயாளியே எழுதுகிற கடிதங்களாக ஒரு புத்தகம் போட்டார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். வலது பக்கம் இழுத்த வாயோடு சிரித்தாள். அடுத்து வந்த பிரதியை மாத்திரை டம்ளருக்கு மூடியாக வைக்கச் சொன்னாள்.

அடுத்த வருடம் போய்விட்டாள். வீடு நிறைய ஆட்கள். "விசுவாசிகள் அழப்படாது தம்பி, அம்மா ஆண்டவர்கிட்டதான போயிருக்காங்க" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். ஏழு நாள் வாய் திறக்காத யோபின் நண்பர்கள் மேல் அன்றைக்கு எனக்குப் பெரிய மரியாதை வந்தது. இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தவரே கல்லறைப் பாதையில் அழுதிருக்கிறார். எங்களுக்கு அப்படி எந்தத் திட்டமும் இல்லை. பின்வாசலில், நிரப்பி வைத்த தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் போய் நின்று அழுதேன். டீச்சர் போட்ட சட்டப்படி சரியான இடம்தான்.

இப்போது என் போனில் வேதாகமச் செயலி ஒன்றும் உண்டு. விடாமல் வாசித்தால் பாராட்டி அடையாளம் தரும். சோப்பு டப்பா தராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்டும் சிக்னலும் போனபோது, அச்சடித்த வேதாகமத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே வாசித்தேன். சிக்னல் வந்ததும், என் தொடர் வாசிப்பு அறுந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்று செயலி ஆறுதல் சொன்னது.

போன மாதம் எங்கள் தெருவில் வீட்டு ஜெபக் கூட்டம். சங்கீதம் வாசிக்கும் முறை எனக்கு. 88ஐ எடுத்தேன். சங்கீதங்களில் மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதியில் போய் ஏறிக்கொள்ளும். இது ஏறாது. ஆரம்பம் முதல் கதறி, நண்பர்கள் விட்டுப் போனதையும் சொல்லி, இருளில் நின்றுவிடும். வாசித்து முடித்தேன். ஆமென் வரவில்லை. கூட்டம் நடத்தியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு ஸ்தோத்திர சங்கீதமும் சேர்த்து வாசிச்சிருவோமே பிரதர்" என்றார். 103ஐயும் வாசித்தேன். ஆமென் பலமாக வந்தது. பின்னாலேயே சுண்டலும் வந்தது.

தட்டை வாங்கும்போது கடைசி வரிசை அக்கா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் வீட்டில் என்ன என்பது தெருவுக்கே தெரியும், யாரும் கேட்பதில்லை.

"தம்பி, மொதல்ல வாசிச்சீங்கள்ல, அது எத்தனாவது சங்கீதம்?"

சொன்னேன்.

"ரெண்டு வருஷமா எனக்கு தெனம் வசனம் வருது. இத ஒருத்தரும் அனுப்பலியே" என்றார், போனில் எண்ணைத் தட்டிக்கொண்டே.