அன்புடன், ஆசிரியர்

எழுத்தாளரின் புகழ் ஏற ஏற அவர் போட்டுத்தரும் கையெழுத்து சுருங்கும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிற யாரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வரிசை நிற்கும் எழுத்தாளர் தலை நிமிராமல் ஒரு கோடு இழுத்துத் தருவார். அது அவர் பெயரா, பேனா எழுதுகிறதா என்று பார்த்ததா, சொல்ல முடியாது. இரண்டு அரங்கு தள்ளி, தன் முதல் கவிதைத் தொகுப்புக்குக் காவலாக உட்கார்ந்திருப்பவரிடம் போங்கள். பெயர் கேட்பார், ஊர் கேட்பார், பில் போடும் பையனிடம் பேனாவைக் கடன் வாங்குவார், கூரையைப் பார்ப்பார், பிறகு ஆரம்பிப்பார். முதல் பக்கம் நிரம்பி, பதிப்பு விவரப் பக்கத்துக்குத் தாவி, விலையைச் சுற்றிக்கொண்டு போகும் அது. எனக்கு வேண்டியவர் இவர்தான்.

வெறும் கையெழுத்தில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. இன்னாருக்கு, இன்ன காரணத்தால் என்று மேலே நாலு வரி இருக்க வேண்டும். பெயரை மட்டும் போடுவதற்கு ஆசிரியரே தேவையில்லை என்றாகிவிட்டது. 2022-ல் பாடகர் பாப் டிலனின் புத்தகம் ஒன்று, அவரே கைப்படக் கையெழுத்திட்டது என்று 900 பிரதிகள், தலா 599 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போட்டது இயந்திரம்! பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலன் வருத்தம் தெரிவித்தார். நம் கவிஞர்கள்மேல் இப்படி ஒரு பழி வரவே வராது. கை வலிக்கும் அளவுக்கு அவர்களை யாரும் நெருக்குவதில்லை.

மேல்நாட்டில் யாருக்கு எழுதிக் கொடுத்தது என்பதை வைத்து விலை ஏறும். எழுத்தாளர்கள் பால் தெரூவும் வி.எஸ். நைபாலும் 1966-ல் உகாண்டாவில் சிநேகமானவர்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, தான் நைபாலுக்கு ஆசையாக எழுதிக் கொடுத்த புத்தகம் ஒரு வியாபாரியின் விலைப்பட்டியலில் 1,500 டாலருக்கு இருப்பதைத் தெரூ பார்த்தார். மனஸ்தாபம் முற்றி, 1998-ல் நைபாலைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதித் தீர்த்தார். தமிழில் இதே சரக்கு முப்பது ரூபாய்க்குப் போகும். அந்தக் காசுக்காக யாரும் சிநேகத்தை முறித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படி எழுதிக் கொடுத்த பழைய புத்தகங்களுக்கு என் வேட்டைக்களம் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. பழைய புத்தகக்காரர்களின் மூர் மார்க்கெட் காலத்தில் நான் இந்தத் தொழிலில் இல்லை. அது 1985-ல் எரிந்துபோனது. அங்கே பார்த்தும் வாங்காமல் விட்டவற்றைப் பற்றிப் பெருமூச்சு விடும் பெரியவர்களை நம்பினால், உ.வே.சா. கையெழுத்திட்ட பிரதிகள் அங்கே கிலோ கணக்கில் கிடந்திருக்கின்றன.

நடைபாதையில் என்னைப் போன்றவனுக்கு உள்ள பெரிய சௌகரியம், அங்கே கையெழுத்து ஒரு குறை. அட்டை கிழிந்திருந்தால் பத்து ரூபாய் தள்ளுபடி, உள்ளே எழுதியிருந்தால் இன்னொரு பத்து. "என்னப்பா, முதல் பக்கத்துலயே கிறுக்கி வச்சிருக்கு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கியிருக்கிறேன். ஆனால் கடைக்காரர்கள் நம்மைவிட மனித முகங்களை அதிகம் படித்தவர்கள். ஒருநாள் ஒருவர் கூப்பிட்டார்: "சார், நீங்க கேக்குற மாதிரி கையெழுத்துப் போட்டது நாலு எடுத்து வச்சிருக்கேன். விலை கொஞ்சம் கூட." ஓடிப்போய்ப் பிரித்தேன். நான்கும் பத்தாம் வகுப்புக் கணித நோட்ஸ். ஒவ்வொன்றிலும் மாணவியின் பெயர், பிரிவு, அதன் கீழே 'திருடாதே'. கையெழுத்து இருக்கத்தான் செய்தது, நான் என்ன வாதாட முடியும்?

நல்ல சரக்கு பெரும்பாலும் விமர்சகர்களின் வீடுகளிலிருந்து வருகிறது. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும் என்று பத்திரிகைகள் கேட்பது நம் வழக்கம். ஒன்று மதிப்புரை எழுதுபவருக்கு. மற்றது எனக்கு என்றே நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 'தங்கள் மேலான கருத்தை ஆவலுடன் எதிர்நோக்கி' என்று எழுதி, கைபேசி எண்ணும் போட்டிருப்பார்கள். உள்ளே பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்த விறைப்புக் குலையாமல் இருக்கும். பழைய புத்தகம் வாங்குபவனுக்கு இவ்வளவு புதுசாக வேறு எங்கும் கிடைக்காது. கருத்தை நானே போன் போட்டுச் சொல்லலாமா என்று சில சமயம் கை துறுதுறுக்கும். பிறகு எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்களே என அடங்கிவிடுவேன்.

கேள்வி ஒருநாள் வீடு தேடியே வந்தது. நாவலாசிரியர் ஒருவர், நண்பரின் நண்பர், காபி ஆறும்வரை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தன் புத்தகத்தை உருவிப் பிரித்துவிட்டார். நகரத்தின் பெரிய விமர்சகருக்கு, 'என் எழுத்தின் முதல் ஆசானுக்கு' என்று தொடங்கி அரைப் பக்கம் அவரே உருகி எழுதியது. நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எங்கே கிடைச்சது?"

"நடைபாதையில, சார்."

"எவ்வளவு?"

"நாற்பது."

"அட்டை விலையே இருநூத்தம்பது ஆச்சே!" என்றார். விமர்சகர் விற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு பேனாவை எடுத்து, "அந்தப் பேரை அடிச்சிட்டு உங்க பேரை எழுதிடறேன்" என்றார்.

"ஐயோ, வேண்டாம் சார்!" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். விமர்சகர் பெயர் இருப்பதால்தான் அதற்கு மதிப்பு, என் பெயர் ஏறினால் அது பழைய புத்தகமாகிவிடும் என்பதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னார்:

"புது நாவல் வந்திருக்கு. போன வாரம் அவருக்குத்தான் முதல் பிரதி கொடுத்தேன். இந்தத் தடவை முழுப் பக்கம் எழுதியிருக்கேன். ஒரு ரெண்டு மாசம் பொறுத்து அந்தக் கடையில விசாரிங்க."