டெப்த் மாமா

"யாரும் அசையாதீங்க, டெப்த் மட்டும் பாத்துக்கறேன்" என்று மாமா சொல்லிவிட்டால், நின்றபடியே தூங்கத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள்.

மாமாவின் கேமராவில் லென்ஸை ஒட்டி ஒரு சின்னப் பட்டன். விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். வியூஃபைண்டரில் பார்க்கும்போது லென்ஸ் முழுசாகத் திறந்தே இருக்கும். நாம் வைத்த அபெர்ச்சருக்கு அது சுருங்குவது கிளிக் செய்யும் நொடியில்தான். பட்டனை அமுக்கினால் முன்கூட்டியே சுருங்கி, எதுவரை தெளிவாக விழும் என்று காட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் 2.8-லிருந்து 16-க்குச் சுருங்கினால் வெளிச்சம் 32-இல் ஒரு பங்குதான். அந்த இருட்டில் மாமா எதைக் காண்கிறார் என்பது பெருவுடையாருக்கே வெளிச்சம்.

ஆம், தஞ்சாவூர்ப் பெரிய கோயில்தான் களம். முன்னால் அத்தையின் மூக்குத்தி, பின்னால் 216 அடி விமானம். இரண்டும் துல்லியமாக வேண்டுமாம். அமுக்குவார். "ம்ஹூம்." ஓரடி பின்னால் போவார். மறுபடி அமுக்குவார். "விமானம் வந்துடுச்சு, உங்க அத்தை போயிட்டா." அத்தையின் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே போய்விடுவார் போலிருக்கும்.

35 மி.மீ. லென்ஸில் எஃப் 16 வைத்து, இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. பழைய லென்ஸ்களில் இதைக் கோடு போட்டே காட்டியிருப்பார்கள். மாமா கணக்கை நம்பமாட்டார்.

நடுவில் பாடம் வேறு. "டேய் மாப்ள, நீ வந்து பாரேன்!" இரண்டாம் வரிசையிலிருந்து ஒருவனை உருவுவார். அவன் இருட்டைப் பார்த்து "சூப்பர் மாமா" என்பான். திரும்பி வந்தால் அவன் இடத்தில் யாரோ ஒரு குழந்தை நிற்கும். மறுபடி முதலிலிருந்து.

எடுத்துவிட்டு ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்க்கலாமே என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் ஜாதகம் பாக்கற மாதிரி" என்றார்.

பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சித்திரை வெயில், மணி பதினொன்று, கல் தரை, எல்லோருக்கும் வெறுங்கால். மாமா மட்டும் கனமான சாக்ஸ். முட்டி வலிக்கிற பாட்டி உட்காரட்டும் என்றால், "டிஸ்டன்ஸ் மாறிடும்" என்கிறார். எண்பது வயசு மனுஷியை ஒரு படத்துக்காக இப்படி வாட்டுவது அநியாயம்.

பாட்டி யாரையும் கேட்காமல் திருச்சுற்று மாளிகை நிழலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே வெளிச்சம் போதாமல் மாமா 2.8-க்கே திறக்க வேண்டியதாயிற்று. லென்ஸ் ஏற்கெனவே முழுசாகத் திறந்திருக்க, பட்டனுக்கு வேலையே இல்லை. அரை நிமிஷத்தில் எடுத்துவிட்டார். பாட்டி பிரமாதமாக விழுந்திருக்கிறார், பின்னால் தூண்வரிசை மங்கலாக. அந்த மங்கல்தான் மாமாவுக்குப் பிடிக்கவில்லை.