சுவரைப் பார்த்து நில்லுங்க, சார்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன் ரைபிள் பயிற்சியில் சேரப்போகிறேன் என்று வீட்டில் சொன்னால், எங்கே, எவ்வளவு ஃபீஸ் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. "யாரை?" என்றுதான் கேட்கிறார்கள். என் மனைவி கேட்டாள். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டாள். எங்கள் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் மட்டும் கேட்கவில்லை. ஆனால் பராமரிப்புக் கட்டண பாக்கியைப் பற்றி அவர் பேசும் குரலில் அன்று முதல் ஒரு கனிவு சேர்ந்திருந்தது.

நான் சேர நினைத்தது பத்து மீட்டர் ஏர் ரைபிள். காற்றழுத்தத்தில் இயங்குவது. ஈயத்தால் ஆன 4.5 மி.மீ. பெல்லட்டைத் தவிர அதிலிருந்து வேறெதுவும் வராது. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை. அதில் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. அதன் நட்டநடுவில் அரை மில்லிமீட்டருக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் பத்து. இதிலும் திருப்தியடையாமல் பத்தைப் பத்தாகப் பிரித்து 10.0 முதல் 10.9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசி முறை சுட்டபோது விழுந்தது 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அப்படித்தான் வந்தது.

எனக்கு ஏன் இந்த ஆசை என்றால், காரணம் டாக்டர். "டென்ஷனைக் குறைங்க, ஏதாவது விளையாடுங்க" என்றார். ஓடுவது முழங்காலுக்கு ஆகாது. நீச்சல் காதுக்கு ஆகாது. யோகா அதிகாலைக்கு ஆகாது. இந்த நிலையில், அசையாமல் நிற்பதற்குப் பதக்கம் தரும் ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்பது எனக்காகவே ஏற்பட்ட ஏற்பாடாகத் தோன்றியது. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு அடிப்படைப் பயிற்சி முடிந்தாயிற்று.

ஆனால் மற்றவர்கள் இதை ஒத்துக்கொள்வதாக இல்லை. 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்கள் வாங்கியதிலிருந்து, தமிழ்நாட்டில் துப்பாக்கியைத் தொட நினைக்கும் எவனும் தல ரசிகன்தான். "நீங்களுமா சார்?" என்று அயர்ன் கடைப் பையன் கையைப் பிடித்துக் குலுக்கினான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கமே வாங்கியிருக்கிறாரே, அதைப் பார்த்து என்று சொன்னேன். "அவங்க எந்தப் படம்?" என்றான்.

தரைத்தளத்து ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் வேறு ரகம். "லைசென்ஸ்?" என்று ஒரே சொல்லில் விசாரணையைத் தொடங்கினார். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம், பாயின்ட் டூ டூ ரைபிளுக்குத்தான் அது வேண்டும் என்று விளக்கினேன். அவருக்குச் சற்று ஏமாற்றம். முப்பது வருட அனுபவத்தில், எதிராளி சட்டம் பேசினால் அவருக்குப் பிடிக்காது.

இனி இடம் தேட வேண்டும். முதலில் போனது கடற்கரைச் சாலைப் பக்கம், குதிரைச் சவாரியும் கோ-கார்ட்டிங்கும் உள்ள ஒரு பொழுதுபோக்கு இடம். "பிகினர் ரைபிள் கோர்ஸ்" என்று பெரிய பலகை. உள்ளே நுழைந்து ஐந்து நிமிடத்தில் கையில் துப்பாக்கி, எதிரே பலூன். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. டீஷர்ட் அளவை மட்டும் கேட்டார்கள், சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்கிறார்களாம். எனக்கு முன்னால் இருந்த இளைஞர், சுட்டு முடித்ததும் துப்பாக்கியைத் தோளில் சாத்தி, விரலை ட்ரிக்கரிலேயே வைத்துக்கொண்டு, பின்னால் நின்ற வருங்கால மனைவியைப் பார்த்துத் திரும்பிப் புன்னகைத்தார். குழல் எங்கள் எல்லோரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் போய் நின்றது. பயிற்றுநர் அதைப் படம் எடுத்துக் கொடுத்தார். நான் பலூனை மன்னித்து வெளியே வந்தேன்.

அடுத்தது, ஒரு ஜிம்முக்கு மேல் மாடியில் இருந்த அகாடமி. ஏ.சி. அறை, கண்ணாடி மேஜை, சுவரெல்லாம் கோப்பைகள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மிகவும் உற்சாகமானவர்.

"மூணு மாசத்துல டிஸ்ட்ரிக்ட், ஆறு மாசத்துல ஸ்டேட், அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டா. இன்ஜினியரிங்கா, மெடிக்கலா சார்?"

"வருவாய்த் துறை" என்றேன்.

"பையனா, பொண்ணா?"

"நான்தாங்க."

அவர் முகத்தில் கோட்டா மெல்ல இறங்கியது. ஆனாலும் தேறிக்கொண்டு ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார். ஜெர்மன் ரைபிள், இரண்டு லட்சத்தைத் தாண்டும். கான்வாஸும் தோலும் வைத்துத் தைத்த ஜாக்கெட், அதற்குத் தனி பேன்ட், தட்டை அடி ஷூ, ஒற்றைக் கையுறை. எல்லாம் முதல் நாளே வாங்கிவிட்டால் "மைண்ட்செட்" வந்துவிடும் என்றார். கிட்டத்தட்ட மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த தொகை. பட்டியலை மடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள், வாடகை ரைபிள் உண்டா என்று கேட்டேன். இந்த இரண்டுக்கும் அவரிடம் பட்டியல் இல்லை.

கடைசியில் நான் போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பலகையே இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. பயிற்றுநர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. சுற்றிலும் எட்டு வயதிலிருந்து பதினைந்து வரை பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் ஒரு பெஞ்சைக் காட்டி, "பேரன்ட்ஸ் அங்க உக்காரலாம்" என்றார். சேர வந்திருப்பது நான்தான் என்றதும் சிரிக்கவில்லை. அதிலேயே அவர் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அவர் ரைபிளை எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு கண்ணை மூடு, மறு கண்ணை மூடு. இடது கண்ணை மூடியதும் கடிகாரம் காணாமல் போய்விட்டது.

"வலது கைக்காரர். ஆனா உங்களுக்கு இடது கண்ணுதான் தலைமை" என்றார். இத்தனை வருடமாக என் முகத்தில் இப்படியொரு எதிர்க்கட்சி ஆட்சி நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒன்று, இடப்பக்கமாக நின்று சுடப் பழக வேண்டும். இல்லையென்றால் இடது கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மறைப்பு மாட்ட வேண்டும். அந்த மறைப்பின் அகலத்துக்கும் விதி உண்டு. இரவு வீட்டில் சொன்னேன். "நீங்க எதையும் நேரா பாக்கறதில்லன்னு நான் அப்பவே சொல்லலையா?" என்றாள் மனைவி.

அடுத்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். வேறெங்கும் யாரும் கேட்காத கேள்வி. சர்க்கரைக்கு ஒன்று, பி.பி.க்கு மெட்டோப்ரொலால் என்றேன்.

"அது தடை செஞ்ச மருந்து, சார்."

எனக்குப் புரியவில்லை. பீட்டா பிளாக்கர் என்ற வகை இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தை அடக்கும். குறி பார்ப்பவர்கள் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் ட்ரிக்கரை அழுத்தப் பழகுகிறவர்கள். துடிப்பே நிதானமாகிவிட்டால் இடைவெளி தாராளம். அதனால் துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் போட்டிக் காலம், மற்றக் காலம் என்ற பேதமில்லாமல் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு அதைத் தடை செய்திருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங்-சு பிஸ்டலில் வாங்கிய வெள்ளியையும் வெண்கலத்தையும் பறிகொடுத்தது, இதே வகையைச் சேர்ந்த ப்ரோப்ரனலாலால்தான்.

பள்ளியில் சாக்கு ஓட்டத்தில்கூடத் தேறாத நான், தெரு முனை மெடிக்கல் ஷாப் தயவில், ஊக்கமருந்து உட்கொள்ளும் விளையாட்டு வீரனாக ஆகியிருந்தேன். இந்தச் செய்தியை அன்று எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன். பயிற்றுநர் மட்டும் கண்டிப்பாக இருந்தார். "போட்டிக்குப் போறப்ப டாக்டர்கிட்ட பேசிக்கலாம். சுடறதுக்காக மாத்திரைய நிறுத்தினீங்கன்னு தெரிஞ்சா உள்ள விடமாட்டேன்."

எப்போது சுடலாம் என்று கேட்டேன். "மொதல்ல நில்லுங்க" என்றார். நின்றுகொண்டுதான் இருக்கிறேன் என்றேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு சிறுமியைக் காட்டினார்.

பத்து வயதிருக்கும். ஜாக்கெட்டுக்குள் பாதி காணாமல் போயிருந்தாள். பேன்ட் மடங்காததால் உட்காரவும் முடியாது. ரைபிளைத் தூக்கி, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, வெற்றுச் சுவரைக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை இல்லை, பெல்லட் இல்லை. க்ளிக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகும் இறக்காமல் சில விநாடி அப்படியே நின்றாள். மறுபடி தூக்கினாள்.

"பெல்லட் போட்டா கண்ணு அட்டைக்கு ஓடிரும் சார். எத்தனை விழுந்துச்சுன்னு பாக்கத்தான் தோணும். விரல் என்ன பண்ணுச்சு, தோள் என்ன பண்ணுச்சுன்னு கவனிக்க ஆள் இருக்காது. சுவத்துல மார்க் கிடையாது. அதனால நீங்க உங்களப் பாப்பீங்க." அவர் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. பலூன் இடத்தில் ஐந்து நிமிடத்தில் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள், மாடி அகாடமியில் மூன்று மாதத்தில் டிஸ்ட்ரிக்ட் என்றார்கள். இவர் எப்போது சுட விடுவேன் என்று சொல்லவே மறுத்தார். சேருவது என்று நான் முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான்.

மீதி விவரங்கள் சும்மா கண்ணில் பட்டவை. ஒவ்வொரு ரைபிளிலும் குழலுக்குள் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று செருகியிருந்தது. உள்ளே பெல்லட் இல்லை என்பதற்கு அது அத்தாட்சி. யாராவது அட்டைப் பக்கம் போனால் மற்ற எல்லோரும் ரைபிளைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள், எட்டு வயதுப் பொடியன் உட்பட. பயிற்றுநர் ஒரு காற்று சிலிண்டரைத் திருப்பி அதில் பொறித்த தேதியைக் காட்டினார். பத்து வருடம் தாண்டினால் தூக்கி எறிய வேண்டுமாம். வாசலில் சோப்பு. ஈயத்தைத் தொட்ட கையால் எதையும் தின்னக் கூடாது. என் சட்டைப் பையில் இருந்த கடலை மிட்டாய் அங்கேயே பிடிபட்டது.

எனக்கும் ஒரு ரைபிளைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். விதிப்படி 5.5 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. இருக்கவில்லை என்று நம்புகிறேன். முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றச் சொன்னார். தேடினேன். அது என்னிடம் கடைசியாகத் தென்பட்டது கல்லூரி நாட்களில். ஆனால் முழங்கை தானாகவே தொப்பையின் மேல் வந்து அமர்ந்தது, வெகு சொகுசாக. பயிற்றுநர் சுற்றி வந்து பார்த்தார். ஜாக்கெட்டுத் துணி 2.5 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கக் கூடாது, அதை அளக்க ஒரு கருவியே வைத்திருக்கிறார்கள். தொப்பைக்கு மட்டும் உலக அளவில் இன்னும் கருவி வரவில்லை. "பரவால்ல, செட் ஆவுது" என்றார். நாற்பது வயதுக்குப் பிறகு என் உடம்பைப் பற்றி இன்னொருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

"அங்கிள், மூச்சு விடுங்க" என்றாள் அந்தச் சிறுமி பக்கத்திலிருந்து. அப்போதுதான் நான் விடவில்லை என்று தெரிந்தது.

சேர்க்கைப் படிவம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்காக அச்சடித்தது. எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்ற இடங்களில் கோடு போட்டுவிட்டேன். அடியில் "பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்" என்று இருந்தது. அதை நானே போட்டுவிடலாமா என்று கேட்டேன். விதி விதிதான் என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு நிபந்தனைகளை ஒன்று விடாமல் படித்தாள். "மாணவர் வீட்டில் தினமும் அரை மணி நேரம் சுவரைப் பார்த்து அசையாமல், பேசாமல் நிற்க வேண்டும்" என்ற இடத்தில் நிறுத்தினாள். திரும்பவும் படித்தாள்.

"ஒரு மணி நேரமா மாத்தச் சொன்னா மாத்துவாங்களா?" என்று கேட்டாள்.

பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை என்ற கட்டத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே "மாணவரைப் பற்றிப் பயிற்றுநர் அறிய வேண்டியவை" என்று காலியாக இருந்த நான்கு வரிகளையும் நிரப்பி, இடம் போதாமல் படிவத்தின் பின்பக்கத்துக்குத் திருப்பினாள்.