தேவ அழைத்தலும் ஜாம் போத்தல் விளக்கும்

தான் எதற்காகப் பிறந்தேன் என்று இன்றைக்குக் கிளிநொச்சிப் பக்கத்து எங்கள் தர்மபுரத்துப் பிள்ளையொன்று கேட்க நினைத்தால், கேட்டு முடிக்குமுன்பே கைபேசிக்குள் ஆயிரம் பேர் பதிலோடு வந்து நிற்கிறார்கள். கோட்டுப் போட்ட போதகர் வருகிறார், காவி கட்டிய சாமி வருகிறார், கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் நின்று வெற்றிக்கு வழி சொல்லும் பொடியன் வருகிறான். எங்களுக்கு அந்த நாளில் வந்தவர் ஒரேயொரு ஆள். அவரும் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார், மாரி வெள்ளம் தெருவை மேவிவிட்டால் அதுவும் இல்லை.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற தெருவால், வெள்ளை அங்கியை இடுப்புவரை மடித்துச் செருகிக்கொண்டு, சைக்கிளில் வருவார் எங்கள் சாமியார். கரியலில் பூசைப் பெட்டி கட்டியிருக்கும். அவர் வந்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக, மூப்பர் பாலை மரத்தில் தொங்கவிட்டிருந்த லொறி றிம்மில் இரும்புத் துண்டால் அடிப்பார். அந்தச் சத்தம் வயல் தாண்டிப் பற்றைக்காடு தாண்டிப் போகும். கேட்டவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கால் கழுவப் போவார்கள். கிடுகால் வேய்ந்த கொட்டில்தான் கோயில். சாணகம் மெழுகிய நிலத்தில் பாய் விரித்து இருப்போம். பூசை முடிந்ததும் சாமியார் போய்விடமாட்டார், அதுதான் நான் சொல்ல வந்த விசயம். அன்றைக்கு முழுவதும் நிற்பார். வீடு வீடாகப் படலையைத் திறந்துகொண்டு வந்து, சாக்குக் கட்டிலில் இருந்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்து, எந்த மாடு கன்று போட்டது, எந்த வயலில் தண்ணி ஏறவில்லை, எந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் கதைபேச்சு இல்லாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் கேட்டு அறிந்துவிடுவார். 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்து எங்கள் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் கொட்டில்களுக்குள்ளும் அப்படியே குனிந்து நுழைவார். அவர்கள் சைவமா வேதமா என்று அவர் கேட்டதை நான் காணவில்லை.

“தம்பி, பெரியாளா வந்து என்ன செய்யப் போறாய்?” என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

“சாமியாரா வரப்போறன், சுவாமி.”

“ஏன் ராசா?”

“சைக்கிள்ல எல்லா வீட்டுக்கும் போகலாம்.”

சுற்றி நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “நல்ல காரணம். முதல்ல சைக்கிள் ஓடப் பழகு” என்றார். இப்போது யோசித்தால் அந்தச் சின்னப் பொடியனை எனக்குப் பிடித்திருக்கிறது. தேவ அழைத்தல் பற்றிப் பிற்காலத்தில் நான் வாசித்த புத்தகங்களில் இருந்ததில் முக்காற்பங்கை அவன் எப்படியோ விளங்கி வைத்திருந்தான்.

இரவில் அம்மம்மாவின் பக்கத்தில் படுத்தால் யோசேவ் வாஸ் முனிவரின் கதை வரும். ஒல்லாந்தர் காலத்தில் வேதக்காரருக்குக் குருமார் இல்லாமற் போய், பூசை இல்லாமல் பிள்ளைகள் வளர்ந்த நாளில், கோவாவிலிருந்து ஒரு குருவானவர் 1687 இல் பிச்சைக்காரன் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார், நோயில் கிடந்தார், தமிழ் படித்தார், பிடிபட்டால் என்ன நடக்குமென்று தெரிந்துகொண்டே வீடு வீடாக ஒளித்துப் போய்ப் பூசை வைத்தார். கதையை முடிக்கும்போது அம்மம்மா எப்போதும் ஒன்றுதான் சொல்லுவா: “ஆண்டவர் எங்களில பட்சமா இருக்கிறார் எண்டு எப்பிடித் தெரியும்? ஆள் அனுப்பினவரெல்லோ!” முனிவரை 2015 ஜனவரி 14 இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்திவிட்டு, அன்றைக்கே மடு மாதா கோயிலுக்கும் வந்தபோது, வானத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டுப் பதறாமல் நிமிர்ந்து பார்த்த சனத்துக்குள் நானும் நின்றேன். அம்மம்மா இருந்திருந்தால், பிச்சைக்காரனாக வந்தவருக்காக ஹெலிகொப்டரில் ஆள் வருகிறதே என்று வாயில் கைவைத்திருப்பா.

அடுத்த வளவுச் சைவக்கார ஐயாவிடம் வேறொரு கதை இருந்தது. அது எங்களுக்கு இன்னும் கிட்டிய கதை, எங்கள் தண்ணீரோடு சேர்ந்த கதை. கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலை நடந்த காலத்தில் அங்கே களஞ்சியப் பொறுப்பாளராக ஒருவர் இருந்தார். 1872 இல் பிறந்தவர். யாழ்ப்பாணத்துச் சம்பத்தரிசியார் கல்லூரியில் கொஞ்சக்காலம் படித்தவர். அரசாங்க உத்தியோகம் என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்கிற காலம் அது. அவரோ நல்லூர்த் தேரடியில் பைத்தியக்காரர் என்று ஊர் சொன்ன செல்லப்பா சுவாமியைக் கண்டு, அந்த அன்பில் அகப்பட்டு, உத்தியோகத்தையும் திறப்புக்கோர்வையையும் விட்டுவிட்டுப் போனார். அவர்தான் யோகர் சுவாமி. வாய்க்காலில் தண்ணி வரும்போதெல்லாம் ஐயா எனக்குக் கிளிநொச்சிப் பக்கத்தைக் காட்டுவார்: “அங்கைதான் மோனே, கணக்கெழுதிக்கொண்டு இருந்த மனுசன்.” வேதக்காரப் பொடியனான எனக்கு அதைக் கேட்க மயிர் கூச்செறியும். கடவுள் கூப்பிடுவது ரோமாபுரியிலோ காசியிலோதான் நடக்கும் என்று நினைத்திருந்தவனுக்கு, நாங்கள் மாடு குளிப்பாட்டுகிற தண்ணீருக்குக் கிட்டவே நடந்திருக்கிறது என்பது பெரிய செய்தி.

எங்கள் வேதத்துக்குள்ளும் அப்படியொரு கதை உண்டு, அது தோலகட்டி ஆச்சிரமத்தின் கதை. தோலகட்டியை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இல்லை, பாதிப்பேர் அதை அங்கே செய்கிற நெல்லிரசத்தால் அறிவார்கள் என்றாலும். 1928 இல் தோமஸ் அடிகளார் அங்கே செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். மௌனம், தோட்ட வேலை, மாமிசமில்லாத சாப்பாடு, இரவு பகலாக முறைவைத்துச் செபமாலை. எங்கள் மண்ணின் தவ வாழ்க்கையைக் கத்தோலிக்கத் துறவுக்குள் கொண்டுவந்து இருத்திய மனிதர். அவர் 1964 ஜனவரியில் கண்மூடினார். யோகர் சுவாமி அதே 1964 மார்ச்சில் சமாதியானார். அடுத்த மாதம், ஏப்ரலில், ஆறாம் பவுல் பாப்பரசர் ஏற்படுத்திய உலகத் தேவ அழைத்தல் ஞாயிறு முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது. இதைக் கணக்குப் பார்த்து முடிச்சுப் போடுகிற ஆள் நான் இல்லை. ஆனாலும் அழைத்தல் என்ன என்பதை வாழ்ந்து காட்டிய இரண்டு பேர் எங்கள் நாட்டில் இல்லாமற்போன அதே வருசத்தில்தான் அழைத்தலுக்கென்று நாட்காட்டியில் ஒரு ஞாயிறு வந்தது என்பதை நினைக்கும்போது மனம் ஒருமாதிரி ஆகும்.

நானும் குருமடம் போக ஆசைப்பட்டேன். குரல் உடைந்து மீசை அரும்பிய வயதில் அந்த ஆசை என்னைத் தூங்கவிடவில்லை. மடுவுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் பாய், பானை, அரிசி, ஆடு கோழிவரை ஏற்றிக்கொண்டு போய், காட்டு மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டுக் கிழமைக்கணக்கில் கிடந்து, விடியப்புறம் மணிச்சத்தத்தில் எழும்பி ஓடிய அந்த ஆடி, ஆவணித் திருநாட்களில், மாதாவிடம் நான் கேட்டது அது ஒன்றைத்தான். (இப்போது குளிரூட்டிய வானில் விடிய வெளிக்கிட்டு, பூசை கண்டு, சாப்பாட்டுப் பார்சல் வாங்கிக்கொண்டு பொழுதுபட வீட்டுக்கு வந்துவிடுகிறோம். முதுகு நோவில்லை. யாரோடும் பழகவும் இல்லை.) ஆனால் அப்பு படுக்கையில் விழுந்தார், வயல் இருந்தது, தங்கைமார் இருந்தார்கள். சாமியாரிடம் போய் அழுதேன். “விதைப்பை முடி. ஆண்டவர் உன்ர வளவுக்கும் வழி தெரிஞ்சவர்தான்” என்றார். அந்தச் சொல்லின் கனம் எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.

1995 கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. அடுத்த வருசம் கிளிநொச்சியும் பெயர்ந்தது. சனம் வெள்ளமாக எங்கள் பக்கம் வந்தது. ஒவ்வொரு மரத்துக்குக் கீழும் ஒரு குடும்பம், ஒவ்வொரு வளவுக்குள்ளும் ஏழெட்டுக் கொட்டில். பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்ச எண்ணெய் விட்டு, திரியைப் போத்தல் வாயில் நிறுத்தி எரித்த அந்தக் குட்டி விளக்குத்தான் எங்கள் இரவு. இடம்பெயர்ந்து வந்த குருவானவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “உம்மட மாமரத்துக்குக் கீழ பிள்ளையளை இருத்தும். எழுதப் படிக்கச் சொல்லிக்குடும், பாட்டுப் படிப்பியும், செபம் தெரிஞ்ச பிள்ளையளோட செபம் சொல்லும்” என்றார். எந்த வேதம் என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். பொழுதுபட்டபிறகு ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றித் தலைகளை முட்டிக்கொண்டு அவர்கள் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இரவில், நான் பிறந்ததற்கு இதுதான் காரணம் என்பது எனக்குத் தெரிந்தது. குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். குருமடத்துக்குப் போகாத துக்கம் அன்றோடு போனது. இன்றுவரை மறைக்கல்வி ஆசிரியனாக இருக்கிறேன். என்னை ஆண்டவர் கூப்பிட்ட வேலை இது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

பிறகு 2009 வந்தது. ஜனவரி 2 இல் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது. அதற்கு முன்பே பெயர்ந்துவிட்ட ஆஸ்பத்திரி எங்கள் தர்மபுரத்தில் இயங்கியது. காயப்பட்டவர்கள் நிலத்தில் கிடந்தார்கள். பிறகு அங்கேயும் இருக்க முடியாமல் எல்லோரும் கிழக்கே நடந்தோம். விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் எழுதாமல் விடக்கூடாது. வெளியே போகும் வழி இருந்த காலத்தில் போகாமல், சனத்தோடு பங்கருக்குள் இருந்து, சனத்தோடு பசிகிடந்த குருக்களும் கன்னியரும் இருந்தார்கள். உருத்திரபுரத்துப் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகளார் கடைசிவரை தன் சனத்தோடு நின்றார்; 2009 மே 18 இல், வெளியே வருகிற வழியில், மாரடைப்பில் இறந்தார். நாற்பதைச் சற்றே தாண்டிய வயது. சம்பத்தரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த பிரான்சிஸ் யோசப் அடிகளார் அதே நாட்களில் சனத்தோடு போனவர், திரும்பி வரவில்லை. கடவுளின் அன்பு எங்கே என்று அந்த மாதங்களில் கேட்காத தாய் இல்லை. அதற்குப் பிரசங்கம் வைத்து யாரும் பதில் சொல்லவில்லை. விட்டுவிட்டுப் போகாத ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள். அம்மம்மா சொன்ன ஆள் அனுப்பும் கணக்கு எனக்கு அங்கேதான் முழுதாக விளங்கியது.

இப்போது தெருவுக்குக் கார்ப்பெற் போட்டாயிற்று. கிளிநொச்சியிலிருந்து சாமியார் மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத்துக்குள் வருகிறார், ஞாயிறு தவறாது. கிடுகுக் கொட்டில் நின்ற இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் மாபிள் பதித்த கோயில்கள். திருநாள் என்றால் நேரலை, கனடாவில் இருக்கும் மகள் அங்கிருந்தே ஆசீர் வாங்குகிறாள், அதில் எனக்கு மெய்யான சந்தோசம். அழைத்தல் முகாம்களும் திரை கட்டி, படம் போட்டு, ஒழுங்காக நடக்கின்றன. ஆனால் பாவம், சாமியாருக்கு அடுத்த பூசை ஒன்பது மணிக்கு வேறிடத்தில். ஹெல்மெற்றைக் கையில் பிடித்தபடியே சுகம் விசாரித்துவிட்டு ஓடுகிறார். முன்பு தெரு கெட்டிருந்தபடியால் எங்களிடம் தங்கியவர்களைத் தெரு திருந்தி எங்களிடமிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகளுக்குத் தேடல் இல்லையென்று சொல்லவே மாட்டேன். மாலையில் வாய்க்கால் கட்டில் கைபேசியோடு தனியே இருக்கும் பொடியன்களோடு கொஞ்ச நேரம் இருந்தால், என் வயதில் எனக்கிருந்த அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

அதனால் இரண்டு வேண்டுகோள். இளம் குருக்களே, கன்னியரே: மாதத்தில் ஒரு நாளாவது எங்கள் ஊரில் தங்குங்கள். பிரசங்கம் வேண்டாம். பாய் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, நுளம்புவலையும் இருக்கிறது. தாய் தகப்பன்மாரே: உங்கள் பிள்ளை ஒருநாள் வந்து, சாமியாராகப் போகவேணும், சிஸ்டராகப் போகவேணும், அல்லது ஊரிலேயே நின்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவேணும் என்று சொன்னால், கனடாக் கதையை அன்றைக்கு எடுக்காதீர்கள். ஏன் ராசா என்று கேளுங்கள். அது சொல்லி முடிக்கும்வரை இருந்து கேளுங்கள்.