தட்டுக்குப் பெயர் இருக்கிறது, பண்டத்துக்கு இல்லை

நுண்ணுயிரியல் என்னும் மகத்தான விஞ்ஞானம் பிறந்தது சமையலறையில். பிறந்த கையோடு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, "பெற்றவள் யார்?" என்று கேட்டுவிட்டது. அந்தக் குடும்பத் தகராறின் கதை இது.

1819-ஆம் ஆண்டுக் கோடை. இத்தாலியில் பாதுவா நகரத்துக்கு அருகே லெக்னாரோ என்றொரு கிராமம். அந்தப் பக்கத்து ஏழைகளுக்குச் சோளமாவைக் கிண்டிச் செய்யும் பொலெண்டாதான் தினப்படிச் சாப்பாடு. ஒரு விவசாயி வீட்டில் மூடிவைத்திருந்த பொலெண்டா, திறந்து பார்த்தால் ரத்தச் சிவப்பு. ஊர் கூடிவிட்டது. பாவம் செய்த குடும்பம் என்றது ஒரு கட்சி, பேய் பிடித்த வீடு என்றது இன்னொரு கட்சி. பர்த்தலோமியோ பிட்சியோ என்ற இளம் மருந்தியல்காரர் மட்டும் பேயில் ஒரு துண்டைக் கிள்ளி, புதிதாகக் கிண்டிய பொலெண்டாவின் மேல் வைத்து, ஈரமும் கதகதப்புமாக மூடிவைத்தார். அதுவும் சிவந்தது. பேய் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் புழுக்கம் பிடிக்கும், பாவ புண்ணியக் கணக்கு எல்லாம் அது பார்ப்பதில்லை என்பது நிரூபணமாயிற்று.

பிட்சியோ அதை ஒருவகைக் காளான் என்று நினைத்தார். பரவாயில்லை, பாதிக் கிணறு தாண்டியவருக்கு அந்தக் காலத்தில் மாலை உண்டு. அவர் வைத்த பெயர்தான் வேடிக்கை. செராத்தி என்றொரு இத்தாலியப் பாதிரியார் நீராவிப் படகு கண்டுபிடித்தார், அந்தப் பெருமையை வேறு நாட்டுக்காரன் தட்டிக்கொண்டு போய்விட்டான் என்று பிட்சியோவுக்கு மனத்தாங்கல். படகு போனால் என்ன, கிருமி இருக்கிறதே என்று இதற்கு 'செராஷியா' என்று பெயரிட்டார். ஊசிப்போன களியில் ஒரு தேசத்தின் மானம் காக்கப்பட்டது. 1950-இல் அமெரிக்கக் கடற்படை, கிருமி யுத்தம் வந்தால் காற்று எப்படிப் பரப்பும் என்று பார்ப்பதற்காக, சாது என்று நம்பி இதே கிருமியைத்தான் ஒரு கப்பலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மேல் தெளித்தது. ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிருமி அப்படியொன்றும் சாது இல்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் செராத்தி பாதிரியாருக்கு ஒருவழியாகக் கப்பல் யோகம் கிடைத்துவிட்டது.

பிட்சியோ ஒரு கட்டிப் பண்டத்தில் கிருமியை வளர்த்துக் காட்டிய பிறகும், பெரிய மேதைகள் ரொம்ப காலம் சூப்பில்தான் கிருமி வளர்த்தார்கள். பாஸ்தர் சூப்புக் கட்சியின் தலைவர். குடுவையில் இறைச்சி ரசம், அதில் ஒரு துளி விதை, கலங்கினால் வளர்ந்துவிட்டது என்று பொருள். எது வளர்ந்தது என்று கேட்டால்தான் தொல்லை. கல்யாண வீட்டுச் சாம்பாரை ஒரு கரண்டி மொண்டு, எந்தக் காய் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று கேட்பது போன்ற காரியம் அது. பத்து வகைக் கிருமி ஒரே குடுவையில் நீந்தும். இதில் எது நோயைக் கொடுத்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லோரிடமும் ஆதாரம் இருக்கும், அதே சூப்பிலிருந்து.

இங்கேதான் ராபர்ட் கோக் வருகிறார். வொல்ஸ்டைன் என்ற சிற்றூரில் மாவட்ட மருத்துவர். நோயாளிகளைப் பார்க்கும் அறையைத் திரைபோட்டுப் பிரித்து, மறுபக்கத்தில் ஆராய்ச்சி. மைக்ராஸ்கோப் மனைவி எம்மி பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது என்று கதை. எலிக்குக் கிருமியை ஏற்ற ஊசிக்குப் பதில் மரச்சிராய். ஆந்த்ராக்ஸ் கிருமி வளர்க்க இறைச்சிக் கடையிலிருந்து மாட்டுக் கண். கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீர்தான் வளர்ப்பு ஊடகம். இத்தனை தட்டுமுட்டுச் சாமான்களோடு 1876-இல் ஆந்த்ராக்ஸ் கிருமியின் முழு வாழ்க்கையையும் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார். 1893-இல் எம்மியை விவாகரத்து செய்துவிட்டு, அதே வருடம் ஓர் இளம்பெண்ணை மணந்தார். மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்ததாகக் குறிப்பு இல்லை.

1880-இல் பெர்லினில் அரசுப் பதவி, உதவியாளர்கள் எல்லாம் வந்தன. ஆனால் முக்கியமான உதவி செய்தது ஒரு வெந்த உருளைக்கிழங்கு. பாதியாக நறுக்கித் திறந்து கிடந்த கிழங்கின் மேல் சிறுசிறு பொட்டுகள், ஆளுக்கொரு நிறத்தில். ஒரு பொட்டைச் சுரண்டிப் பார்த்தால் முழுக்க ஒரே ஜாதி. அடுத்த பொட்டில் வேறு ஜாதி. சூப்பில் நீந்திக் கலந்துவிடுகிற கிருமி, கட்டிப் பரப்பில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே குடும்பம் நடத்துகிறது. ஒரு கிருமி, அதன் பிள்ளைகள், பேரன்கள் என்று ஒரு பொட்டு. நுண்ணுயிரியலின் ஆகப்பெரிய தத்துவம் இதுதான். அதைச் சொல்லிக்கொடுத்தது கிழங்கு.

கிழங்கிலும் குறை உண்டு. ஒளி ஊடுருவாது. மனித உடம்பில் சொகுசாக வாழ்ந்து பழகிய கிருமிகள் பல கிழங்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் கோக் இறைச்சி ரசத்தில் ஜெலட்டினைக் கரைத்து, கண்ணாடிப் பலகையில் ஊற்றி உறையவைத்தார். 1881-இல் லண்டனில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில் இதைச் செய்து காட்டியபோது பாஸ்தரே பாராட்டினாராம். ஒரு பிரெஞ்சுக்காரர் ஒரு ஜெர்மானியரைப் பாராட்டினார் என்பதே அந்த வருடத்தின் பெரிய அதிசயம். பத்து வருடம் முன்னால்தான் இரு நாடும் யுத்தம் நடத்தி முடித்திருந்தன.

பாராட்டு உறைந்தது, ஜெலட்டின் உறையவில்லை. கிருமிகள் விரும்புவது நம் உடம்பின் சூடு, 37 டிகிரி. ஜெலட்டின் அதற்கு வெகு முன்பே இளகித் தண்ணீராகிவிடும். கோடையில் அடைகாக்கும் பெட்டிகூட வேண்டாம், மேஜையிலேயே ஓடும். குளிர்காலத்தில் நின்றாலும் நிம்மதி இல்லை, சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தீர்த்துவிடும். ஐரோப்பாவின் தலைசிறந்த ஆய்வகத்தில் தட்டு தட்டாகக் கொழகொழத் தண்ணீர். சூப்பை விட்டு இத்தனை தூரம் வந்ததெல்லாம் மறுபடி சூப்புக்குத்தானா?

இந்த நேரத்தில் கோக்கிடம் படிக்க வந்தவர் வால்த்தர் ஹெஸ்ஸே. சாக்சனி மாநிலத்து மருத்துவர். சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரல் நோயை ஆராய்ந்தவர்; காற்றில் மிதக்கும் கிருமிகளை எண்ணவேண்டும் என்பது அவர் ஆசை. நீளமான கண்ணாடிக் குழாயின் உட்சுவரில் ஜெலட்டின் பூசி, காற்றை மெல்ல இழுத்துவிட்டு, எத்தனை பொட்டு முளைக்கிறது என்று பார்ப்பார். வெயில் வந்தால் குழாயில் கிருமியும் ஜெலட்டினும் சேர்ந்து வழியும். எண்ணுவதற்கு என்ன மிஞ்சும்?

அவர் மனைவி ஃபேனி. அமெரிக்காவில் பிறந்தவர், 1874-இல் மணமுடித்து ஜெர்மனி வந்தவர். வீட்டில் சமையல், பிள்ளைகள். ஆய்வகத்தில் கணவருக்கு எடுபிடி. அது போக, கணவரின் கட்டுரைகளுக்குக் கிருமிப் பொட்டுகளை வண்ணத்தில் வரைந்து கொடுக்கும் வேலை. சம்பளம் என்ற பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை. அவர் செய்யும் ஜெல்லியும் புட்டிங்கும் கொளுத்தும் வெயிலில்கூட ஆடாமல் நிற்கும். அத்தனை நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டருக்கு ஒருநாள் திடீரென்று ஞானம் பிறந்து, இது மட்டும் எப்படி இளகாமல் நிற்கிறது என்று மனைவியிடம் கேட்டார். சாப்பாட்டைப் பற்றி ஒரு கணவர் கேட்ட கேள்விகளில் மனித குலத்துக்கு உபயோகமானது இது ஒன்றுதான் என்பேன்.

அகர்-அகர் என்றார் ஃபேனி. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் ஜாவாவிலிருந்து வந்த டச்சுக் குடும்பம் இருந்தது. அவர்களிடம் கற்ற வித்தை. கடற்பாசியைக் கொதிக்கவைத்து எடுக்கும் பசை. நாம் மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டு வாங்குகிறோமே, நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் 'கடல்பாசி' என்று பால் ஊற்றிச் செய்கிறார்களே, அதே சரக்கு. பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானில் ஒரு விடுதிக்காரர், மினோயா தாரோஸேமன் என்று பெயர் சொல்கிறார்கள், மிஞ்சிய பாசிக் கூழைக் குளிர்கால இரவில் வெளியே கொட்டினாராம். இரவில் உறைந்து, பகலில் உருகிக் காய்ந்து சருகாகிக் கிடந்ததை எடுத்துக் கொதிக்கவைத்தால் மறுபடியும் கூழ். மிச்சம் மீதியைக் கொட்டியதில் பிறந்த தொழில்.

அகரின் மகத்துவம் அதன் பிடிவாதம். கொதிநிலையை நெருங்கினால்தான் கரையும். ஆறி ஏறத்தாழ 40 டிகிரிக்கு இறங்கினால்தான் உறையும். ஒருமுறை உறைந்துவிட்டால் 37 டிகிரியில் எத்தனை நாள் வைத்தாலும் அசையாது. ஒளி ஊடுருவும். பெரும்பாலும் கடலில் வாழும் சில கிருமிகளைத் தவிர மற்றவை அதைத் தின்பதும் இல்லை. கோக்கின் கூட்டம் ஒரு மாமாங்கம் உட்கார்ந்து திட்டமிட்டிருந்தாலும் இப்படியொரு பொருளைத் தயாரித்திருக்க முடியாது. ஃபேனி அதை அலமாரியில் வைத்திருந்தார், சர்க்கரைக்குப் பக்கத்திலோ எங்கோ.

ஹெஸ்ஸே உடனே கோக்குக்கு எழுதினார். கோக் உடனே பயன்படுத்தினார். 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த புகழ்பெற்ற கட்டுரையில் அகர் என்ற சொல் வருகிறது, போகிற போக்கில் ஒரு வாக்கியம். யார் சொன்னது? மூச்சு இல்லை. இத்தனைக்கும் காசநோய்க் கிருமியை அவர் முக்கியமாக வளர்த்தது உறையவைத்த ரத்தச் சீரத்தில். ஹெஸ்ஸே தம்பதியும் காப்புரிமை, ராயல்டி என்று எதுவும் கேட்கவில்லை. ஃபேனி இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதுகூட இல்லை என்று பிற்காலத்தில் அவர் பேரன் எழுதினார். பாட்டிமார்கள் ஜெர்மனியிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

அடுத்து மேடைக்கு வருபவர் ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி. ராணுவ மருத்துவர். சீருடைப் பிரியர், சுற்றளவிலும் தாராளம் என்று சொல்வார்கள். அதுவரை தட்டு என்பது வெறும் கண்ணாடிப் பலகை. அதை மட்டம் பார்த்து வைத்து, கீழே பனிக்கட்டி போட்டு, ஊடகத்தை ஊற்றி, மேலே கண்ணாடிக் கூண்டு கவிழ்க்கவேண்டும். கூண்டைத் தூக்குகிறபோதெல்லாம் காற்றிலுள்ள கிருமிகள் அழைக்காத விருந்தாளியாக வந்து உட்காரும். பெட்ரி என்ன செய்தார்? ஒரு வட்டக் கண்ணாடித் தட்டு, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மூடி. அவ்வளவுதான். 1887-இல் எழுதிய கட்டுரைக்கு அவரே வைத்த தலைப்பு, கோக்கின் தட்டு முறையில் ஒரு சின்னத் திருத்தம் என்ற பொருளில் இருந்தது. மனிதர் நேர்மையானவர். அதே சமயத்தில் வேறு நாடுகளிலும் சிலர் கிட்டத்தட்ட இதே மாதிரி மூடித்தட்டு செய்திருந்தார்கள். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது இவரிடம். இன்று பூமியில் உள்ள எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் பெட்ரி தட்டு தெரியும். எந்தச் சமையலறையிலும் பாத்திரத்துக்கு மூடி போடுவது சொல்லித்தரவேண்டாத காரியம். அதற்கு ஆய்வகத்தில் அழியாப் புகழ்.

சமையலறைச் சாமான்கள் அதற்கப்புறமும் ஓயவில்லை. 1928-இல் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சணம் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பூஞ்சணத்தைப் பென்சிலின் மருந்தாக்கியது ஆக்ஸ்போர்டில், யுத்தத்துக்கு நடுவே. நார்மன் ஹீட்லி என்ற மெலிந்த இளைஞர், பூஞ்சணம் வளர்க்க மருத்துவமனைப் படுக்கைக் கழிகலங்களையும் பால் கேன்களையும் பிஸ்கட் டின்களையும் பிடித்துவந்தார். நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தக அலமாரியில் வடிகட்டும் இயந்திரம் கட்டினார். பூஞ்சணத்தைத் தினமும் பராமரித்தது ஒரு பெண்கள் குழு. 1941-இல் முதல் நோயாளியான போலீஸ்காரருக்கு மருந்து போதவில்லை என்று, அவர் சிறுநீரைச் சைக்கிளில் ஏற்றிவந்து அதிலிருந்து பென்சிலினைத் திரும்பப் பிரித்துக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்துபோக, தேறிவந்த மனிதர் இறந்துபோனார். 1945-இல் நோபல் பரிசு மூன்று பேருக்கு. ஹீட்லி அந்த மூவரில் இல்லை. ஆக்ஸ்போர்டு அவரை நினைத்துப் பார்த்து கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது 1990-இல்.

நம் பக்கத்துப் பங்கையும் சொல்லவேண்டும். மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசி பறிக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று அவர்கள் சொல்லும் இரண்டும் அகருக்கான மூலப்பொருள். கண்ணாடி வீட்டு விஞ்ஞானத்துக்கு அடியில் உப்புத் தண்ணீரில் வெட்டுப்பட்ட விரல்கள் இருக்கின்றன. கட்டுரைகளின் நன்றியுரையில் நிதி கொடுத்தவர் பெயர் வரும், துறைத்தலைவர் பெயர் வரும். பாசி தானாக நடந்து வந்திருக்கவேண்டும்.

ஃபேனி 1934-இல் காலமானார். 1939-இல் இரண்டு அமெரிக்கர்கள், வெறும் அகருக்கு இனி 'ஹெஸ்ஸே அம்மையாரின் ஊடகம்' என்று பெயரிடலாமே என்று எழுதினார்கள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் 2018-இல் கிருமி வகைப்பாட்டுக்காரர்கள் ஒரு பேரினத்துக்கு 'ஃபேனிஹெஸ்ஸியா' என்று பெயர் சூட்டினார்கள். பெண்களின் பிறப்புறுப்புத் தொற்றில் தலைகாட்டும் கிருமி அது. நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் யோசித்து அம்மையாருக்குக் கொடுத்த சீர்வரிசை. அதை வளர்க்க ரத்தம் கலந்த அகர் வேண்டும், ஊற்றுவதற்குப் பெட்ரி தட்டு வேண்டும்.