புறாவை விட்டுடுடா, மாத்திரையைப் புடி

வாடா ராசா, வா. நைட் ஷிப்டு முடிஞ்சு கம்பெனி பஸ்ல நேரா இங்கதான் வர்றியா? பையில இன்னா, ஆப்பிளா, ஹார்லிக்ஸா? ஆடியில உங்க நைனாவுக்குக் கை இழுத்துக்கிச்சு. தை பொறந்தாச்சு. நீ இன்னும் ஆஸ்பத்திரில நோயாளியைப் பாக்க வந்தவனாட்டமே வர்றே!

மாத்திரையை நிறுத்திட்டீங்களாமே? "நல்லாத்தானே நடக்கறாரு பெரியப்பா"ம்பே. ரொம்ப சரி. ஒரகடத்துல உன் லைன்ல மெஷினு நல்லா ஓடுதேன்னு பராமரிப்பு பண்ணாம விட்டுப் பாரேன், சூப்பர்வைசர் மாலை போட்டு வூட்டுக்கு அனுப்புவாரு. பெத்தவருக்கு மட்டும் பிரேக்டவுன் ஆனாத்தான் ஸ்பேனரை எடுப்பியா? ஒருதரம் பக்கவாதம் வந்தவங்களுக்கு மறுதரம் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ஜாஸ்திடா.

உங்க அத்தை புறா ரத்தம் தேய்க்கச் சொல்லிச்சாம். கோளாறு மண்டைக்குள்ள, தேய்க்கறது கையில! புறா இன்னா பாவம் பண்ணுச்சு? எதுத்த வூட்டு ஆளு முழுங்கற ஆஸ்பிரினையும் கடன் வாங்காதே. அடைப்பால வந்த வாதத்துக்கு அது மருந்து, மூளையில ரத்தக்கசிவால வந்ததுக்கு அதுவே வெனை. ஸ்கேனைப் பாத்த டாக்டரு சொல்லட்டும்.

பெரிய எமன் பிரஷருதான். பொதுவா 130/80க்குக் கீழ வெச்சுக்கச் சொல்றாங்க. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பைத் தாண்டாதேங்குது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன், அவ்ளோதான். உங்க அம்மா அதை நெத்திலிக் கருவாட்டுக் குழம்புலயே காலி பண்ணிடுது. அப்புறம் மாங்கா ஊறுகாய், அதுக்குத் துணையா அப்பளம். கேட்டா, "வாய்க்கு ருசியா சாப்பிடட்டும், பாவம்." பாசத்துல உப்பு தூக்கல்! நைனாவோட பீடிக்கட்டை ஒளிச்சு வெச்சுட்டேன்னு நீ பீத்திக்கறே. மாட்டுக்கொட்டாய் எறவாணத்துல இருக்குதுன்னு எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா?

வாய் கோணுனாலோ, பேச்சு குழறுனாலோ, ஒரு கை தொங்குனாலோ ஜோசியரைக் கூப்புடாதே, 108ஐக் கூப்புடு. எத்தினி மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு குறிச்சு வெச்சுக்க. அடைப்பைக் கரைக்கற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாவணும். அதுல ஸ்கேன் எடுக்கற நேரமும் சேர்த்தி. சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க நடுவுல எத்தினி நிமிஷம் போவும்னு உனக்கா சொல்லணும்? பத்து நிமிஷத்துல தானா சரியாப் போச்சுன்னு படுக்க வெச்சுடாதே. அப்பவும் கெளம்பு.

2021ல மக்களைத் தேடி மருத்துவம்னு ஆரம்பிச்சாங்களே, அதுல வேலை செய்யற பொண்ணு பிரஷர் மாத்திரையைத் திண்ணைக்கே கொண்டாந்து குடுத்துட்டுப் போவுது. சிப்காட்டுக்கு நெலம் குடுத்த காசுல வாங்குன அந்தப் பெரிய டி.வி. பின்னால பாரு. பிரிக்காத அட்டை, மேல ஒட்டடை.

மறுக்கா அந்தப் பொண்ணு வர்றப்ப நைனா பக்கத்துல நீயும் குந்து. கையை நீட்டு, உனக்கும் பிரஷர் பாக்கட்டும். டபுள் ஷிப்டு, கேட்டாண்ட பஜ்ஜி, சட்டைப் பையில சிகரெட்டு... இன்னாத்துக்கு மூடறே? பாத்துட்டேன்டா.