பித்தளை துலக்கல்: பாகான் செராய் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

பித்தளை துலக்கல் என்பது, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத்தின்மீது காற்றும் எண்ணெயும் கைவியர்வையும் நாளடைவில் படியவைத்த கறையைப் புளிப்பாலோ உரசலாலோ இரண்டாலுமோ நீக்கி, அவ்வுலோகம் தன் பொன்னிறத்தைத் திரும்பப் பெறச் செய்யும் தொழிலாகும். இத்தொழிலில் தேர்ந்தவர் என்று சொல்லத்தக்க இரு கூட்டத்தார் உளர். அமெரிக்கா முதலிய நாடுகளில், சுட்டுத் தீர்ந்த துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக்கூட்டைப் பொறுக்கி வந்து கழுவி, புதிய மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் சுடும் பொழுதுபோக்காளர் ஒரு கூட்டத்தார். மலேசியாவின் பேராக் மாநிலத்தின் வடமேற்கே, கிரியான் மாவட்டத்து நெல்வயல்களின் நடுவிலுள்ள பாகான் செராயில், வியாழக்கிழமை மாலையானதும் குத்துவிளக்கைக் கழற்றிக் குழாயடிக்குக் கொண்டுசெல்லும் இல்லத்தரசியர் மற்றொரு கூட்டத்தார். முன்னவர் தம் ஒவ்வோர் அசைவையும் கையேடாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். பின்னவரோ எழுதி வைக்கும் வழக்கமும், அதற்கான ஓய்வும் இல்லாதவர்கள். இந்த ஏற்றத்தாழ்வை ஒரு சிறிதேனும் நேர்செய்வது இவ்வாய்வின் நோக்கம்.

முதற் கூட்டத்தார் பாகான் செராயில் ஏன் இல்லை என்னும் வினாவுக்கு விடை எளிது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றத் தண்டனைச் சட்டமும் நடைமுறையில் இருப்பதால், உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பவருக்கு அதைத் துலக்குவதைவிடப் பெரிய கவலைகள் வந்து சேரும். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமத்துடன் வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் நிலக்காரரிடம் உள்ள தோட்டாவோ, பெரும்பாலும் நெகிழிக் குழலும் அடியில் ஒரு மெல்லிய உலோகத் தொப்பியும் கொண்டது. அதைப் புளியிட்டுத் தேய்க்கும் எண்ணம் எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. ஆகவே, இவ்வூரில் பித்தளை பற்றிய முழு அறிவும் விளக்கு, செம்பு, குடம், தாம்பாளம் ஆகிய நான்கினையே சுற்றி வளர்ந்தது எனலாம்.

ஆயினும் பொருள் ஒன்றே. தோட்டாக் கூட்டுக்குரிய பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் உள்ளன. விளக்குக்குரிய வார்ப்புப் பித்தளையில் துத்தநாகம் சற்றுக் கூடுதலாக இருப்பதுண்டு. இவ்வூர் வீடுகளின் பழைய விளக்குகள் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அவற்றுள் மதிப்பு மிக்கவை, கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில், காவிரி வண்டல் மணலில் வார்க்கப்பட்ட குத்துவிளக்குகள். பாதம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் எனத் தனித்தனியே வார்த்து மரையிட்டுப் பூட்டும் முறையினவாதலால், கழற்றித் தேய்க்கலாம் என்பது இவற்றின் சிறப்பு. கழற்றியதைத் திரும்பப் பூட்டும்போது சற்றே சாய்ந்து நிற்கும் என்பது இவற்றின் குறை. வெள்ளீயச் சுரங்கங்களால் உலகப் புகழ் பெற்ற பேராக் இந்த வரலாற்றில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். வெள்ளீயம் செம்போடு சேர்ந்தால் வெண்கலமாகுமே அன்றிப் பித்தளையாகாது. எனினும் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசப்படுவது வெள்ளீயம்தான். ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் புளியின் அமிலம் செம்பைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும், உண்டவர் வாந்தியெடுப்பார். அதே புளி அதே செம்பை அதே முறையில் பாத்திரத்தின் வெளிப்புறத்திலிருந்து கரைக்கும்போது அதற்குத் துலக்கல் என்று பெயர். உள்ளே நஞ்சாவது வெளியே அழகாகும் இந்த விந்தையை இல்லத்தரசியர் எவ்வித வியப்பும் இன்றி நாள்தோறும் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

கறையின் இயல்பு குறித்துத் தமிழர் நெடுங்காலமாகச் சிந்தித்தவர்கள். செம்பின்மீது படரும் பச்சைப் பூச்சுக்குக் களிம்பு என்று பெயர். காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து செம்பை மாற்றுவதால் அது உண்டாகிறது என்று வேதியியலார் கூறுவர். சைவ சித்தாந்திகளோ, செம்போடு களிம்பு உடன்பிறந்தது போல உயிரோடு ஆணவ மலம் உடன்பிறந்தது என்று உவமை சொல்லி, ரசகுளிகை பட்ட மாத்திரத்தில் களிம்பு நீங்குவதுபோல அருள் பட்ட மாத்திரத்தில் மலம் அடங்கும் என்று முடிப்பர். குழாயடி அனுபவம் வேதியியலாரின் கட்சியைவிடச் சித்தாந்திகளின் கட்சிக்கே நெருக்கமாக உள்ளது; எவ்வளவு தேய்த்தாலும் அடுத்த வியாழனுக்குள் திரும்பி வருவதை உடன்பிறந்தது என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ரசகுளிகைதான் கடைத்தெருவில் கிடைப்பதில்லை.

இனி, செய்முறை. விளக்கின் அழுக்கு ஒன்றன்று, இரண்டு. மேலே இருப்பது எண்ணெய்ப் பிசுக்கு. நல்லெண்ணெய் காற்றில் பட்டுப் பட்டுக் கெட்டித்து அரக்குபோல் ஒட்டிக்கொள்வதால் ஆவது. அதன் கீழே இருப்பது செம்பின் ஆக்சைடு, அதாவது உலோகம் ஆக்சிஜனோடு கூடி உண்டாக்கும் பழுப்புப் படலம். புளி இரண்டாவதைக் கரைக்கும்; முதலாவதைத் தொடவும் தொடாது. இந்த வரிசையை அறியாத புதுமருமகள் நேரே புளியை எடுத்துத் தேய்த்து, விளக்கு ஆங்காங்கே மின்னியும் ஆங்காங்கே மங்கியும் புலித்தோல்போல் நிற்பதைக் கண்டு, மீண்டும் வெந்நீரும் சவர்க்காரமும் தேடிப் போவாள். தோட்டாக்காரரின் கையேடுகள் சிலவும் இதே வரிசையை விதிக்கின்றன: முதலில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம், பிறகே சிட்ரிக் அமிலம். அவர்கள் கூட்டின் அடியிலுள்ள சிறு குழியில் இறுகிய கரியைச் சுரண்டுவதற்குத் தனிக் கருவி வாங்குகிறார்கள். விளக்கின் திரி கிடக்கும் மூக்கில் இறுகிய கரியைச் சுரண்டுவதற்குத் தென்னை ஈர்க்கை நறுக்கி நுனியைக் கடித்துத் தட்டையாக்கினால் போதும். அதற்கு விலையுமில்லை, உத்தரவாதமுமில்லை.

கறைநீக்கிகளைப் பொறுத்தவரை பாகான் செராயில் கட்சிகள் பல. பழங்கட்சி புளிக்கட்சி: தோட்டத்து லயங்களில் கொட்டை நீக்கிய புளி, தாமான் எனப்படும் இன்றைய குடியிருப்புப் பகுதி வீடுகளில் பாக்கெட்டில் வரும் அசாம் ஜாவா என்னும் புளி. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைப்பதோடு நில்லாமல், கரைந்த செம்பைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு நீரில் போய்விடுவதாலும், புளியின் நார் மென்மையாக உரசித் தருவதாலும், ஒரே பொருள் மருந்தும் துணியுமாகிறது. மலாய்க்கார அண்டை வீட்டார் கிரிஸ் கத்திக்கும் பித்தளை வெற்றிலைத் தட்டுக்கும் பயன்படுத்தும் பெலிம்பிங் பூலோ என்னும் காய் இன்னொரு கட்சி. ஆக்சாலிக் அமிலம் மிகுந்த அக்காய் வேலிக்கு அப்பாலிருந்து இலவசமாக வருவதால் அதற்கு எதிர்வாதம் குறைவு. மூன்றாவது சாம்பற்கட்சி. நெல் விளையும் கிரியானில், 1906இல் முடிந்த புக்கிட் மேரா நீர்ப்பாசனத் திட்டத்தின் பயனாய், உமிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சாரம், ஆதலால் அது நன்கு உரசும். அமெரிக்கத் தோட்டாக்காரர் அக்ரூட் ஓட்டுத் தூளையும் சோளத் தக்கைத் தூளையும் அதிர்வுத் தொட்டியிலிட்டு மணிக்கணக்கில் மின்சாரத்தால் உலுக்கிப் பெறும் பயனை, இங்கே ஒரு பிடி சாம்பலும் ஒரு கையும் தந்துவிடுகின்றன. கையின் கூலி கணக்கில் சேர்க்கப்படுவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

பிராசோ என்னும் உலோகத் துலக்குத் திரவத்தின் கட்சியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது. 1905இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த இத்திரவத்தில் நுண்ணிய உரசுதூளோடு அம்மோனியாவும் சேர்வது மரபு. தோட்டாக்காரர் இதன் பெயரைக் கேட்டாலே பதறுவர். அப்பதற்றத்தின் வேர் இந்தியாவில் இருக்கிறது. ஆங்கிலேயப் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தபோது, அவை ஒருவரும் தொடாமலே கழுத்தில் வெடிப்பு விட்டன. மழைக்காலத்தில் மட்டும் நேர்ந்ததால் இதற்குப் பருவ வெடிப்பு என்று பெயரிட்டனர். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் மழைக்கால ஈரமும் சேர்ந்து, இழுத்து நீட்டி உருவாக்கியதால் உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளையைப் பிளக்கின்றன என்பதை மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் 1921இல் விளக்கினர். உலோகவியல் நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஒரு பேருண்மை லாயத்து மூலையில் பிறந்தது என்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இவ்வுண்மையைப் பாகான் செராய்க்குப் பொருத்தினால் இரு முடிவுகள் கிடைக்கின்றன. வார்ப்பு விளக்கில் அத்தகைய இறுக்கம் பெரிதாக இல்லை. ஆகவே பிராசோவால் விளக்கு வெடித்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தகட்டைத் தட்டி வளைத்துச் செய்த குடத்துக்கும் செம்புக்கும் அந்த உறுதியைத் தர இயலாது. ரப்பர் பால் உறையாமலிருக்க அம்மோனியா ஊற்றுவது தோட்டங்களின் வழக்கமாதலால், பால் கொட்டகைக்கு அருகில் குடத்தைக் கவிழ்த்து வைப்பது, கோட்பாட்டளவில், குதிரை லாயத்தில் வைப்பதற்கு நிகர். இதனால் வெடித்த குடங்கள் எத்தனை என்பது ஆராயத்தக்கது. வெடித்த குடங்களுக்கெல்லாம் இதுவரை பிள்ளைகளே பொறுப்பாக்கப்பட்டு வந்துள்ளனர்.

அமிலக் கட்சியினருக்கும் ஓர் ஆபத்து உண்டு. புளியைப் பூசிவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் முடியட்டும் என்று விட்டால், பித்தளையிலிருந்து துத்தநாகம் முந்திக் கரைந்து, மேற்பரப்பில் செம்பு மட்டும் மிஞ்சி, விளக்கு வெளிறிய சிவப்பு நிறம் கொள்ளும். தோட்டாக் கூட்டில் இந்நிறம் வலுவிழப்பின் அறிகுறி என்று கருதி அதைத் தூர எறிவர். விளக்குக்கு வலுவில் குறையொன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் இது செம்பு விளக்கா என்று கேட்பர்.

இங்கேதான் ஆய்வின் மையத்துக்கு வருகிறோம். எவ்வளவு துலக்கினால் போதும்? தோட்டாக்காரரின் கையேடுகள் இதில் வியக்கத்தக்க நேர்மை கொண்டவை. கூட்டில் மண்ணோ கரியோ இருந்தால், அதை மீண்டும் அளவுக்குச் சுருக்கும் எஃகு அச்சில் கீறல் விழும். அழுக்குப் போக்குவது அதற்காக. பளபளப்பால் குண்டு நேராகப் போகாது, மங்கலால் கோணிப் போகாது. இதை முதற்பக்கத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, மீதிப் பக்கங்களையெல்லாம் பளபளப்புக்கே செலவிடுகிறார்கள். விளக்கின் நிலையும் அதுவே. மூக்கின் கரி நீங்கினால் திரி நன்றாக எரியும். பிசுக்கு நீங்கினால் எறும்பு ஏறாது. அதற்குமேல் தேய்ப்பதெல்லாம் சுடருக்காக அன்று. பாகான் செராயில் துலக்கலின் நிறைவுக்கு அளவுகோல் ஒன்றே: அகலின் வெளிப்புறத்தில் முகம் தெரிய வேண்டும். யாருடைய முகம் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும்; மாமியார் உள்ள வீட்டில் மாமியாருடையது. தேவைக்கு மேற்பட்ட இந்தப் பகுதியில்தான் கட்சிகளும் கையேடுகளும் மனத்தாங்கல்களும் விளைந்திருக்கின்றன. தேவையான பகுதியைப் பற்றி எவரும் சண்டையிட்டதில்லை.

நாள் விதி தனி அதிகாரத்துக்குரியது. இங்கே சுருக்கமே இயலும். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்ற வேண்டும், ஆனால் வெள்ளியன்று துலக்கினால் லட்சுமியும் கழுவுண்டு போய்விடுவாள் என்பது நம்பிக்கை. செவ்வாயும் ஆகாது. எனவே வியாழன். இரவு வேலை பார்த்துவிட்டு வியாழன் மாலை உறங்கும் தொழிற்சாலைப் பெண்களுக்கு இவ்விதியில் சலுகை உண்டா என்பதைப் பெரியவர்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. தேய்த்தபின் நீர் காய்ந்து புள்ளி விழாமல் பழைய கைலித் துணியால் உடனே துடைப்பது கட்டாயம். அண்மைக்கால விளக்குகளில் கடைக்காரரே கண்ணாடிபோன்ற பூச்சு இட்டு விற்பதால், அவற்றின்மீது புளி பலிப்பதில்லை. பூச்சு ஆங்காங்கே உரிந்தபின் அந்த விளக்கின் தோற்றத்தை விவரிப்பது இக்கட்டுரையின் பண்புக்கு ஒவ்வாது.

ஒவ்வொரு துலக்கலும் ஒரு நூலளவு உலோகத்தையும் கூடவே கொண்டுபோகிறது என்பதால், நான்கு தலைமுறை கண்ட விளக்கில் உச்சி அன்னத்தின் இறகுக் கோடுகள் மறைந்து, கண் மறைந்து, அலகு கூர் மழுங்கி, அது அன்னமா கோழியா என்னும் ஐயம் எழுகிறது. இவ்வையத்தைக் கொண்டு விளக்கின் வயதைக் கணிக்கும் முறையொன்று உருவாகக்கூடும். ஆனால் சோம்பேறி வீட்டு விளக்குகள் எல்லாம் இளமையாகத் தோன்றிவிடும் என்னும் குறை அதற்கு உண்டு.